பேசறதுக்கு எதுக்குக் காசு?

கிரிவலப் பாதையோரம் பூக்கூடை வைத்திருக்கும் ஒரு அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். மகனுக்கு வயது 15. ஆறு மாதமாகத் தோன்றினால் பள்ளிக்குப் போகிறான், இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் ஒரு சொல் சொன்னால் சோற்றுத் தட்டு பறக்கிறது. அவனுக்காக அந்த அம்மா இதுவரை நிறையவே செலவு செய்துவிட்டார். மந்திரித்துக் கட்டிய தாயத்து ஒன்று. "வாங்கித் தந்தா ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறேன்" என்று அவன் கேட்டு வாங்கிய செல்போன் ஒன்று. தெருச்சண்டையில் அவன் உடைத்த, அடுத்த வீட்டு பைக்கின் கண்ணாடி ஒன்று. எதற்கும் அவர் கணக்குப் பார்க்கவில்லை. பள்ளி ஆசிரியை, "பையனைக் கவுன்சலிங் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றபோதுதான் முதல்முறையாகக் கேட்கிறார்: "பேசறதுக்கு எதுக்குங்க காசு? நான் தெனமும் அவங்கிட்ட பேசினுதான இருக்கேன்."

இந்தக் கேள்வியில் அறியாமை எதுவும் இல்லை. கடந்த இருபது ஆண்டுகளில் பொருளியல் ஆய்வாளர்கள் பெரும் முயற்சி எடுத்துக் கேட்டதும் இதைத்தான். பேச்சினால் ஒரு பிள்ளையின் போக்கு மாறுமா? மாறினால் அந்த மாற்றத்தின் மதிப்பு எவ்வளவு? அந்த மதிப்பு செலவைத் தாண்டுமா?

கவுன்சலிங்குக்கு ஆற்றுப்படுத்துதல் என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் யோசித்தே வைத்திருக்கிறார்கள். ஆறு என்றால் வழி. ஒருவரை வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்துவது. இந்தச் சொல்மீது திருவண்ணாமலை மாவட்டத்துக்குத் தனி உரிமையே உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனைப் பற்றிய ஆற்றுப்படை. கூத்தராற்றுப்படை என்பது அதன் இன்னொரு பெயர். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வரும் ஏழைக் கலைஞனிடம், எந்தப் பக்கம் போகலாம், எங்கே கால் வழுக்கும், எங்கே சோறு கிடைக்கும் என்று சொல்வதே ஆற்றுப்படையின் அமைப்பு. வழி சொல்கிறவன் அந்த வழியில் நடந்து வந்தவன். இது பின்னால் நமக்கு உதவும்.

சரி, அம்மாவின் பேச்சுக்கும் ஆற்றுப்படுத்துநரின் பேச்சுக்கும் என்ன வேறுபாடு? அமெரிக்காவின் சிகாகோ நகரில், வறுமையும் வன்முறையும் மிகுந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகளில், 'ஆண்மகன் ஆதல்' என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது. அதன் முதல் பயிற்சிகளில் ஒன்று இது. பையன்களை இருவர் இருவராகப் பிரிக்கிறார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவனிடம், "30 நொடிக்குள் அதை வாங்கு" என்கிறார்கள். ஏறக்குறைய எல்லாப் பையன்களும் பாய்கிறார்கள், கையை முறுக்குகிறார்கள், தரையில் புரள்கிறார்கள். முடிந்ததும் நடத்துபவர் கேட்கிறார்: "ஏன் யாருமே 'கொடு' என்று கேட்டுப் பார்க்கவில்லை?" பையன்கள் திகைக்கிறார்கள். "கேட்டா கொடுத்திருக்க மாட்டான்" என்கிறான் ஒருவன். பந்தை வைத்திருந்தவனிடம் திரும்பிக் கேட்டால், "கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். வெறும் பந்துதானே" என்கிறான்.

இங்கே கற்பிக்கப்படுவது ஒழுக்கம் இல்லை. ஒரு சூழலைப் பார்த்த மறுகணம் நம்மையறியாமல் மனதில் தோன்றும் முடிவுக்குத் தானியங்கி எண்ணம் என்று பெயர். 'இவன் தரமாட்டான்', 'அவர் என்னைக் கேவலப்படுத்துகிறார்' என்பவை அப்படிப்பட்டவை. அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அது உண்மைதானா என்று பார்க்கப் பழக்குவதே எண்ண–நடத்தைச் சிகிச்சை. டீ மாஸ்டர் கொதிக்கும் டீயை உயரத் தூக்கி இரண்டு முறை ஆற்றித் தருகிறாரே, அதுபோல. டீ அதேதான், நாக்கு சுடாத அளவுக்கு ஒரு சிறு தாமதம் நடுவில் வந்துவிடுகிறது. அம்மா பேசும்போது மகன் காதில் விழுவது அறிவுரை. இங்கே அவன் தன் எண்ணத்தைத் தானே பார்க்கப் பழகுகிறான். அந்தப் பழக்கத்துக்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆள், ஒரு அறை, சில வாரங்கள் வேண்டும். காசு அதற்குத்தான்.

இனி செலவைப் பார்ப்போம். அரசு மருத்துவமனையில் ஆற்றுப்படுத்துதல் இலவசம் என்கிறோம். அந்தச் சொல் பாதி உண்மை. கணக்குக்காக ஒரு மதிப்பை வைத்துக்கொள்வோம். ஒரு சந்திப்புக்கு, ஊழியர் சம்பளம், அறை எல்லாம் சேர்த்து அரசுக்கு 500 ரூபாய். மகனோடு அந்த அம்மா வந்து போனால் அன்றைய பூ வியாபாரம் போகிறது. அது 400 ரூபாய், பேருந்துக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் 100 ரூபாய் என்று கொள்வோம். இப்படி ஆறு சந்திப்புகளுக்கு மொத்தம் 6000 ரூபாய். இதில் சரிபாதி அந்த அம்மாவின் மடியிலிருந்து போகிறது. இலவசச் சேவைக்கு அவர் 3000 ரூபாய் கொடுக்கிறார், யாரும் ரசீது தருவதில்லை. ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட நேர்ந்த இன்னொன்றின் மதிப்பைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்கள். அடுத்த சந்திப்பு பௌர்ணமியன்று விழுந்தால் இந்தச் செலவு பல மடங்காகும். மாதத்திலேயே அவருக்கு நிறைய விற்கும் நாள் அது. அவர் வரமாட்டார். பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதப்படும். குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்று அதைப் படிப்பது எவ்வளவு பெரிய தவறு!

செலவைக் கண்டுபிடிப்பது எளிது. பயனை அறிவதுதான் கடினம். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நின்று பேச விரும்பும் இடமும் இதுவே.

ஒரு பையனை மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். இரண்டு மாதத்தில் தேறுகிறான். இன்னொருவனைக் கவுன்சலிங் கூட்டிப் போகிறார்கள், அவனும் தேறுகிறான். எதனால் தேறினார்கள்? எந்தக் குடும்பமும் பிரச்சினை உச்சத்தில் இருக்கும்போதுதான் வெளியே உதவி தேடும். உச்சிக்குப் போனது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். காய்ச்சல் 104 டிகிரி ஏறியபோது எதைக் குடித்தாலும் மறுநாள் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். தாயத்தும் கவுன்சலிங்கும் செய்யாத வேலைக்குப் பெயர் வாங்கிக்கொள்ளும் வழி இது. அதே பையன் எங்கேயும் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று தெரிந்தால்தான் உண்மை தெரியும். நடந்திராத அந்த வாழ்க்கையை எங்கே போய்ப் பார்ப்பது?

விடை நம் பக்கத்து ஊரிலேயே கல்வெட்டில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், உத்திரமேரூரில் ஊர்ச்சபை உறுப்பினரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். சிறுவனின் கைக்குச் சாய்வு கிடையாது. ஆய்வாளர்கள் செய்வதும் இதுதான். ஒரே மாதிரியான ஆயிரம் பிள்ளைகளின் பெயர்களைக் குலுக்கி, பாதிப் பேருக்குத் திட்டத்தைத் தருகிறார்கள், மீதிப் பேருக்குத் தருவதில்லை. குலுக்கல் நேர்மையாக நடந்தால் இரு குழுக்களிலும் முரடர்களும் சாதுக்களும், அக்கறையுள்ள அம்மாக்களும் இல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பார்கள். பின்னால் தெரியும் வேறுபாடு திட்டத்தினுடையது. இதற்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். திட்டம் பெறாத குழுதான் 'நடந்திராத வாழ்க்கை'யை நமக்குக் காட்டும் கண்ணாடி.

இந்தக் கண்ணாடி சில நம்பிக்கைகளை உடைத்திருக்கிறது. "ஸ்டேஷனுக்குக் கூட்டினு போயி ஒரு மிரட்டு மிரட்டி வுடுங்க சார்" என்று கெஞ்சும் பெற்றோர் இங்கே உண்டு. அமெரிக்காவில் 1970களில் இதையே திட்டமாகச் செய்தார்கள். அடங்காத சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். பார்ப்பதற்கு நன்றாகவே வேலை செய்தது. அழுதுகொண்டே வெளியே வந்த பிள்ளைகளை ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். சமவாய்ப்புச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட பிள்ளைகள் மிரட்டப்படாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். மலிவான திட்டம்தான். ஆனாலும் செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் மேலே நட்டம்.

சிகாகோ திட்டத்துக்கு வருவோம். இரண்டு சோதனைகளில் 4800 பையன்கள் வரை குலுக்கலில் சேர்க்கப்பட்டார்கள். 2017இல் வெளியான முடிவுகள்: திட்டம் நடந்த காலத்தில் கைதுகள் 28 முதல் 35 விழுக்காடு குறைந்தன. வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு குறைந்தன. முதல் சோதனையில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் 12 முதல் 19 விழுக்காடு உயர்ந்தது. ஒரு டாலர் செலவுக்கு 5 முதல் 30 டாலர் வரை பயன் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

ஐந்தா, முப்பதா? ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி? கடையில் ஒரு பொருளின் விலையை இப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவோம். காரணம், தடுக்கப்பட்ட குற்றத்துக்கு என்ன விலை போடுவது என்பதில் இருக்கிறது. காவல்துறைச் செலவு, நீதிமன்றச் செலவு, அடிபட்டவரின் மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கூட்டிவிடலாம். அடிபட்டவரின் வலிக்கு? போன உயிருக்கு? உயிருக்குப் பெரிய மதிப்புப் போட்டால், தடுக்கப்பட்ட ஓரிரு கொலைகளே மொத்தக் கணக்கையும் தூக்கிவிடும். போடாவிட்டால் கணக்கு சுருங்கும். இந்த விலைபோடுதல் எனக்கு உறுத்துகிறது, உங்களுக்கும் உறுத்தும். ஆனால் விலை போடாமல் விட்டால் அரசின் கணக்கேட்டில் அந்த உயிர் பூஜ்யமாகப் பதிவாகிறது. அது இன்னும் மோசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிகாகோவில் கைதுகள் குறைந்தது திட்டம் நடந்த காலத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. நீடிக்குமா என்ற கேள்விக்கு வேறு நாட்டிலிருந்து பதில் வந்தது. உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், திருட்டும் அடிதடியுமாகத் திரிந்த 999 இளைஞர்களைக் குலுக்கலில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எட்டு வாரச் சிகிச்சை மட்டும், ஒன்றுக்கு 200 டாலர் பணம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவுமில்லை. பணம் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் தங்கவில்லை. சிகிச்சையும் பணமும் சேர்த்துப் பெற்றவர்களிடம், பத்தாண்டு கழித்தும் குற்றச் செயல்கள் ஏறக்குறைய பாதியாகவே இருந்தன. தலைக்கு ஆன செலவு சுமார் 530 டாலர். பேச்சு புதிய வழியைக் காட்டியது; சிறு தொகை அந்த வழியில் சில மாதம் நடந்து பழக அவகாசம் தந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அங்கே சிகிச்சை நடத்தியவர்களில், முன்பு அதே தெருக்களில் அப்படித் திரிந்து, அதே பயிற்சியால் மீண்டவர்களும் இருந்தார்கள். பரிசு பெற்ற கூத்தன், பெறாத கூத்தனுக்கு வழி சொன்ன கதைதான்.

இதைப் படித்தபோது எனக்கு நம் மாநிலத்தின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் நினைவுக்கு வந்தன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறோம். பணம் என்ற பாதி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்கும் இடம்வரை வந்து சேராமல் ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிடும் பிள்ளைக்குத்தான் மற்றப் பாதி தேவைப்படுகிறது.

பயன் நாளை வரும், செலவு இன்று. இதை எப்படி ஒப்பிடுவது? ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை முதல் மாதமே எடுக்க நினைப்பவர் 30 ஆயிரம் தள்ளி எடுக்கவும் தயாராக இருக்கிறார். கடைசி மாதம் வரும் ஒரு லட்சம் அவருக்கு இன்றைய ஒரு லட்சம் இல்லை. வருங்காலப் பணத்தை இப்படித் தள்ளி மதிப்பிடுவதைக் கழிவிடுதல் என்று சொல்லலாம். மீண்டும் கணக்குக்காகப் பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். செலவு தலைக்கு 6000 வீதம் 60,000 ரூபாய். ஒன்பது பேரிடம் ஒரு மாற்றமும் இல்லை, ஒரே ஒரு பிள்ளை மட்டும் படிப்பை விடாமல் முடித்து, அதனால் மாதம் 1000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டு கழித்து வேலைக்குப் போய் 40 ஆண்டு உழைத்தால் அந்தக் கூடுதல் வருமானம் 4,80,000 ரூபாய். ஆண்டுக்கு 8 விழுக்காடு கழிவிட்டால் அதன் இன்றைய மதிப்பு 1,05,000 ரூபாயாகச் சுருங்கும். சுருங்கியும் செலவைத் தாண்டிவிடுகிறது. பத்தில் ஒன்று போதும். ஒரு குற்றமும் தடுக்கப்படாவிட்டாலும் போதும்.

இவ்வளவு லாபமுள்ள ஒன்றை ஏன் யாரும் வாங்குவதில்லை? ஏரிக்கரையில் நின்று பார்த்தால் புரியும். மேட்டு ஊர்க்காரர்கள் ஏரியைத் தூர்வாரினால் பள்ளத்து ஊர்க் கிணறுகளில் நீர் ஊறும். மண்வெட்டி பிடித்தது ஒருவர், தண்ணீர் இறைப்பது வேறொருவர். இப்படிச் செலவு செய்தவரைத் தாண்டி வழியும் பயனைப் புறப்பயன் என்கிறோம். ஆற்றுப்படுத்துநருக்குச் சம்பளம் தருவது சுகாதாரத் துறை. பையன் அடங்கினால் செலவு குறைவது காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும். கண்ணாடி உடையாமல் தப்புவது அடுத்த வீட்டு பைக். அம்மாவின் மடிக்கு உடனே வந்து சேருவது மிகக் கொஞ்சம். அவரவர் பைக்குள் மட்டும் பார்த்தால் எந்தத் துறைக்கும் இது நட்டக் கணக்கு. ஏரிக்குக் குடிமராமத்து என்று ஊரே சேர்ந்து இறங்கும் ஏற்பாடு இருந்தது. பிள்ளைகளின் மனதுக்கு அப்படியோர் ஏற்பாடு வேண்டும் என்று உளமார நம்புகிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சிகாகோவும் மன்ரோவியாவும் பையன்களின் கதை. கல்லெறியும் பையனால் அரசுக்குச் செலவு. அதனால் அவன் திருந்தினால் ஏட்டில் வரவு. பேச்சைக் குறைத்து, சோற்றைக் குறைத்து, வீட்டு மூலையில் ஒடுங்கும் பெண்பிள்ளையால் யாருக்கும் செலவில்லை. ஆகவே அவள் தேறினால் ஏட்டில் வரவும் இல்லை. சத்தம் போடும் துயரம் மட்டுமே இந்தக் கணக்கின் காதில் விழுகிறது.

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் வருகிறவர்கள் கணியம்பாடியைக் கடந்து வருவார்கள். அந்த வட்டாரத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிந்து வந்தது. இறப்பு நடந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பொறுமையாகக் கேட்டுக் காரணத்தை அறியும் முறைக்கு வாய்வழி இறப்பாய்வு என்று பெயர். 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளை வைத்து 2004இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பையன்களில் 58 பேர். காவல் நிலையப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த எண் வெளியே வந்திருக்காது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டதால் வந்தது.

2022இல் தமிழ்நாட்டில் 1416 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. மனம் தாங்காத நேரத்தில் பேச 14416 என்ற எண்ணும் 104 என்ற எண்ணும் இலவசமாக இருக்கின்றன. இந்த இரண்டும் எல்லாப் பள்ளிச் சுவரிலும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதப்பட வேண்டும். சில சமயம் ஒரு விதி மாற்றமே சிகிச்சையாகிவிடும். தேர்வில் தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே எழுதும் துணைத் தேர்வு அப்படிப்பட்டது. சென்னையில் 1986இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அதற்காக வாதாடியவர். வினாத்தாள் அச்சிடும் செலவில் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு திரும்பக் கிடைக்கிறது.

யார் இந்த வேலையைச் செய்வது? 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 24.6 லட்சம். பன்னிரண்டில் ஒருவர் 13 முதல் 17 வயது என்று கொண்டால் சுமார் 2 லட்சம் பிள்ளைகள். 2015–16 தேசிய மனநல ஆய்வு இந்த வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. அதே விகிதம் இங்கும் என்றால் 15,000 பேர். ஒரு ஆற்றுப்படுத்துநர் நாளுக்கு ஐந்து பேரைப் பார்த்தால், ஆளுக்கு ஆறு சந்திப்பு என்ற கணக்கில், ஆண்டுக்கு 200 பிள்ளைகளை முடிக்கலாம். தேவை 75 பேர். உளவியல் பட்டம் பெற்ற 75 பேரை ஒரு மாவட்டத்துக்கு உடனே கொண்டுவர முடியாது.

"ஆசிரியர்களையே செய்யச் சொல்லலாமே" என்பது வழக்கமாக வரும் யோசனை. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் இதையும் குலுக்கிப் பார்த்தார்கள். ஒரே திட்டம்; சில பள்ளிகளில் ஆசிரியர் நடத்தினார், சிலவற்றில் அதற்கென்றே பயிற்சி பெற்ற, உளவியல் பட்டம் இல்லாத ஆள் நடத்தினார். 2018இல் வந்த முடிவின்படி, தனியாள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும், மிரட்டல் கேலியும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மதிப்பெண் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? அவருக்கும் நேரம் எங்கே இருக்கிறது? ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவர் தலையில் கட்டினால் செலவு மிச்சம் என்று தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் அந்த மிச்சத்தோடு பயனும் போய்விட்டது.

பள்ளிக்கே வரும் அப்படியோர் ஆளின் சம்பளத்தைக் கணக்குப் போடும்போது, பூக்கார அம்மாவின் 3000 ரூபாயை மறக்காமல் சேர்க்க வேண்டும். பேருந்து இல்லை, போன வியாபாரம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இல்லை. எப்போதாவது ஒருமுறை அவரே வந்தால் போதும். அதற்கும் நாள் குறிக்கும்போது எதிரே இருப்பவர் நாட்காட்டியை அவர் பக்கம் திருப்பி, "எந்த நாள் சௌகரியப்படும்மா?" என்று கேட்கிறார். அம்மா விரலை வைத்து எண்ணுகிறார். "செவ்வாய்க்கிழமை பௌர்ணமிங்க. புதன்கிழமை வந்துடறேன்."